அரக்கும் தக்காளியும்: டாவின்சி மைக்ரோ கலர் பேனல், ஏழு மாதம் கழித்து

என் மேஜையில் கீபோர்டுக்கு முன்னால் மூன்று உருண்டைகள் வைத்த ஒரு பலகை வந்து உட்கார்ந்து ஏழு மாதம் ஆகிறது. வீட்டுக்கு வருகிற யாரும் அதை ஒரு தடவை உருட்டிப் பார்க்காமல் போவதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வீடியோ கேம் என்று நினைத்து ஏமாந்தான். பெரியம்மா, "ஏட்டி, இது என்ன, டேபிள் டாப் கிரைண்டரா?" என்றாள்.

அதன் பெயர் டாவின்சி ரிசால்வ் மைக்ரோ கலர் பேனல். ரிசால்வ் என்பது வீடியோவை எடிட் செய்யவும் நிறம் சரிசெய்யவும் உள்ள மென்பொருள், அதன் நிற வேலையைக் கையால் உருட்டிச் செய்ய இந்தப் பலகை. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் 2024 ஏப்ரலில் இதை அறிவித்தது. அப்போது சொன்ன விலை 509 டாலர். வரியும் கடைக்காரர் லாபமும் ஏறி நம் ஊருக்கு வந்து சேரும்போது அது வேறு எண்ணாகிவிடும், வாங்கும் அன்றைக்கு விசாரித்துக்கொள்ளுங்கள். எனக்கு விற்றவர் நாலு நாளில் வரும் என்று சொல்லி மூன்று வாரம் இழுத்தார். அவர் பெயர் இங்கே வேண்டாம், ஆடி மாதம் என்பதால் பிழைத்தார்.

நான் பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களுக்குக் கலர் பார்க்கிறேன். கோவில்பட்டி, தென்காசி, நாகர்கோவில் ஸ்டுடியோக்காரர்கள் எடிட் முடித்து ஹார்ட் டிஸ்க்கை பஸ்ஸில் போட்டு அனுப்புவார்கள். புது பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரைத் தேடிப் பிடித்து வாங்கி வருவேன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில் மிக்சிங் செய்ய ஆரம்பித்தவள். தாலி கட்டும்போது திரையில் இதயம் வெடித்து ரோஜா கொட்டுமே, அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. 2018-இல் ரிசால்வுக்கு வந்தேன். அதிலிருந்து எடிட்டிங்கை விட்டுவிட்டுக் கலர் மட்டும்.

ஒரு கல்யாணம் என்றால் என் மேஜைக்குச் சுமாராக 1,100 ஷாட் வரும். மௌஸை இழுத்து இழுத்து வலது மணிக்கட்டு போன வைகாசியில் வீங்கிவிட்டது. டாக்டர் மௌஸுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். ஓய்வு கொடுத்தால் சோறு? அதனால்தான் பேனல். வேகத்துக்காக வாங்கினேன் என்று சொன்னால் பாதிப் பொய். ஆனால் ஸ்டுடியோ தம்பிகள் என்னிடம் கேட்பதெல்லாம் வேகத்தைப் பற்றித்தான்: "அக்கா, இதை வாங்கினா வேலை சீக்கிரம் முடியுமா?"

என் நோட்டில் உள்ள கணக்கைச் சொல்கிறேன். பேனல் இல்லாத காலத்தில் ஒரு கல்யாணத்துக்கு 28 மணி நேரம். பேனல் வந்த பிறகு செய்த முதல் கல்யாணத்துக்கு, ஆவணி முதல் முகூர்த்தம், 30 மணி நேரம். ஆமாம், கூடித்தான் போனது. இப்போது 9 மணி நேரம். ஆனால் அந்த 28-க்கும் 9-க்கும் நடுவில் இன்னொரு எண் இருக்கிறது. தை மாதத்தில் வேண்டுமென்றே பேனலை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ஒரு கல்யாணம் முழுவதையும் மௌஸிலேயே செய்தேன். 14 மணி நேரம் ஆனது.

அதாவது நான் மிச்சம் பிடித்த 19 மணி நேரத்தில் 14 மணி நேரம் காசு கொடுக்காமல் வந்தது. பேனல் கொடுத்தது மிச்ச ஐந்து. இதைச் சொல்லாமல் பேனலைப் புகழ்ந்தால் அது விளம்பரம்.

முதல் கல்யாணம் ஏன் 30 மணி நேரம் ஆனது என்று யோசித்துப் பார்த்தேன். கை பழகவில்லை என்பது ஒரு காரணம். பெரிய காரணம், எடிட்டர் வெட்டி வைத்த வரிசையிலேயே நானும் போனேன். மணவறையில் ஐயர், அடுத்து வாசலில் சந்தனம் கொடுக்கும் அத்தை, அடுத்து டிரோன், மறுபடி மணவறை. ஒவ்வொரு ஷாட்டிலும் புதிதாக யோசனை: இதில் வெள்ளை எது, கருப்பு எது, முகம் எங்கே இருக்க வேண்டும். முன் ஷாட்டில் என்ன செய்தேன் என்பது மறந்திருக்கும், திரும்பிப் போய்ப் பார்ப்பேன். உருண்டை என்ன செய்யும், பாவம்.

இப்போது செய்வது இது. ரிசால்வின் கலர் திரையில் ஷாட்களை வரிசைப்படுத்த சி முறை என்று ஒன்று உண்டு. எடிட் வரிசையை மறந்துவிட்டு, கேமராவில் பதிவான டைம்கோடு வரிசையில் ஷாட்களைக் காட்டும். அப்படிப் பார்த்தால் விடியற்காலை நாலரைக்கு எடுத்த மணவறை ஷாட்கள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். டைம்லைனில் அவை எங்கெங்கு சிதறிக் கிடந்தாலும் கவலையில்லை. எடிட் வரிசை தானாகக் குலையாது, பார்வை மட்டும்தான் மாறுகிறது. இந்த ஒன்றே எனக்கு நாலைந்து மணி நேரத்தை மீட்டுக் கொடுத்தது.

அடுத்தது ரிமோட் வெர்ஷன். மண்டபத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திய கேமரா நாற்பது நிமிடம் ஓடும். எடிட்டர் அதிலிருந்து அறுபது துண்டு எடுத்திருப்பார். ரிமோட் முறையில் ஒரு துண்டுக்குக் கலர் செய்தால் அதே ஃபைலிலிருந்து வந்த மற்ற ஐம்பத்தொன்பதுக்கும் அது போய்விடும். லோக்கல் முறையில் ஒவ்வொன்றும் தனித்தனி. பலர் லோக்கலிலேயே இருந்துகொண்டு காப்பி பேஸ்ட் அடிக்கிறார்கள், நானும் அடித்தேன். நடுவில் யாராவது ஹாலின் லைட்டைப் போட்டுவிட்டால் மட்டும் அந்தத் துண்டிலிருந்து லோக்கலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, குரூப். கேமராவும் இடமும் சேர்ந்து ஒரு குரூப்: மணவறை ஏ கேமரா, மணவறை பி கேமரா, வாசல், டிரோன், அப்புறம் மாப்பிள்ளையின் மாமா பையன் ஐபோனில் எடுத்தது. ஐபோன் ஷாட் எச்டிஆர் என்ற அதிக வெளிச்ச முறையில் வந்து கண்ணைக் கூசும், அதைத் தனிக் குரூப்பில் போட்டு அடக்கினால்தான் மற்றவற்றோடு சேரும். ஒவ்வொரு குரூப்பின் முன்பகுதியிலும் ஒரு கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம், அதாவது ஒரு நிற முறையை இன்னொன்றாக மாற்றும் கருவி, வைத்திருக்கிறேன். கேமராவின் நிற முறை சோனி என்றால் எஸ்-லாக்3, எஸ்-கேமட்3 சினி. எதுவாக இருந்தாலும் உள்ளே வரும்போது ரிசால்வின் சொந்த முறையான டாவின்சி வைடு கேமட், இன்டர்மீடியட் ஆகிவிடும். படத்தின் மொத்தச் சாயலும், டிவிக்காக ரெக்.709-க்கு மாற்றுவதும் டைம்லைன் மட்டத்தில், அதாவது எல்லா ஷாட்டுக்கும் சேர்த்து, ஒரே ஒரு தடவை. நடுவில் ஷாட் மட்டத்தில் எனக்கு இருப்பது நாலே நோடு, நோடு என்றால் ஒரு திருத்தப் படி. எல்லா ஷாட்டிலும் அதே நாலு, அதே வரிசை. இரண்டாவது நோடில் என்ன இருக்கும் என்று தேட வேண்டியதில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம், யாராவது ஐந்து வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் அவர்களுக்கு அல்வா வாங்கிக் கொடுத்திருப்பேன். ரிசால்வில் கான்ட்ராஸ்ட் குமிழுக்குப் பக்கத்தில் பிவட் என்று ஒன்று இருக்கிறது. அதன் இயல்பு எண் 0.435. கான்ட்ராஸ்ட் கூட்டும்போது எந்த வெளிச்சத்துக்கு மேலே உள்ளது ஏற வேண்டும், எதற்குக் கீழே உள்ளது இறங்க வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. ஆனால் டாவின்சி இன்டர்மீடியட்டில் நடுச் சாம்பல் நிறம் 0.336-இல் உட்கார்ந்திருக்கும். பிவட்டை மாற்றாமல் கான்ட்ராஸ்ட் கூட்டினால் முகமெல்லாம் இருண்டுவிடும், அதைச் சரிசெய்ய நடு வெளிச்சத்துக்கான காமாவைத் தூக்குவோம், அதனால் கருப்பு வெளுக்கும், இருளுக்கான லிஃப்டை இறக்குவோம். ஒரு ஷாட்டுக்கு நாலு வேலை. 0.336 போட்டுவிட்டால் ஒரு வேலை. நான் அதை ஒரு ஸ்டில்லில், அதாவது கலர் எண்களோடு எடுத்து வைக்கும் மாதிரிப் படத்தில், சேமித்து எல்லா ஷாட்டுக்கும் முதலிலேயே போட்டுவிடுகிறேன்.

இத்தனையும் மௌஸில் முடியும். கீபோர்டில் ஆல்ட்-எஸ் அழுத்தினால் புது நோடு. ஷிஃப்ட்-டி அழுத்தினால் நாம் செய்த திருத்தம் எதுவும் இல்லாத படம். ஷிஃப்டோடு சமக்குறி அழுத்தினால் முந்தைய ஷாட்டின் கிரேடு, அதாவது அதற்குச் செய்த கலர், இதற்கு வந்துவிடும். வேறொரு ஷாட்டின் படத்தின் மேல் மௌஸின் நடுப் பொத்தானை அழுத்தினாலும் அதன் கிரேடு வரும். காசு போடும் முன்னால் இதெல்லாம் ஒரு மாதம் கையில் ஏறட்டும்.

சரி, பேனலுக்கு வருகிறேன். மூன்று உருண்டைகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம். உருண்டை நிறத்தைத் தள்ளும், வளையம் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும். இடமிருந்து லிஃப்ட், காமா, பிறகு பளிச்சென்ற பகுதிகளுக்கான கெயின். மேலே 12 குமிழ்கள். 27 பொத்தான்கள். யுஎஸ்பி-சி கம்பியிலும் ஓடும், புளூடூத்திலும் ஓடும், உள்ளே பேட்டரி இருக்கிறது. நான் கம்பியைக் கழற்றுவதே இல்லை. ஐபேட் செருக மேலே ஒரு பள்ளம் விட்டிருக்கிறார்கள். என்னிடம் ஐபேட் இல்லை, என் மணிக்கணக்கு நோட்டு அதில் கச்சிதமாக நிற்கிறது.

இதனால் என்ன ஆகிறது என்பதற்கு ஹோமப் புகையைச் சொன்னால் போதும். அக்கினி வளர்த்ததும் படம் முழுக்க ஒரு பால் படலம் வந்துவிடும், கருப்பெல்லாம் சாம்பலாகும், நெருப்புக்கு அருகே உள்ள முகங்கள் ஆரஞ்சாகும். மௌஸில் இதைச் சரிசெய்வது எப்படி? லிஃப்டைக் கொஞ்சம் இறக்குவேன். உடனே முகம் இன்னும் சிவக்கும். கெயினுக்குப் போய்க் கொஞ்சம் நீலம் தள்ளுவேன். வேட்டி நீலமாகும். திரும்ப லிஃப்ட். ஒவ்வொரு தடவையும் கண் படத்தை விட்டுவிட்டு மௌஸ் முனை எங்கே நிற்கிறது என்று கீழே போகும், திரும்பி வரும்போது சற்று முன் பார்த்த நிறம் மனதில் இருக்காது.

பேனலில் இடது கையால் லிஃப்ட் வளையத்தை இறக்கிக்கொண்டே வலது கையால் கெயின் உருண்டையை நீலப் பக்கம் நகர்த்துகிறேன். இரண்டும் ஒன்றோடொன்று இழுபறி செய்யும் இடம் கண்ணெதிரே தெரிகிறது. அம்மியில் அரைக்கும்போது ஒரு கை குழவியில், ஒரு கை மசாலாவைத் தள்ளும், யாரும் யோசித்துச் செய்வதில்லை. அந்தப் பழக்கம் வர எனக்கு மூன்று வாரம் ஆனது. வந்த பிறகு ஒரு ஷாட்டுக்குச் சராசரி அரை நிமிடம்தான். மௌஸில், மேலே சொன்ன ஒழுங்கெல்லாம் செய்த பிறகும், முக்கால் நிமிடம். கால் நிமிடம் பெரிதா என்று கேட்கலாம், 1,100-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

கண் படத்தை விட்டு நகர்வதில்லை என்பதுதான் இந்தச் சாமானின் மொத்த மதிப்பும். அதற்காகவே முந்தைய ஷாட், அடுத்த ஷாட், முந்தைய நோடு, அடுத்த நோடு பொத்தான்களை இப்போது பார்க்காமலே அழுத்துகிறேன். ஸ்டில் எடுக்கவும், எடுத்த ஸ்டில்லைத் திரையில் பாதிக்குப் பாதி வைத்து ஒப்பிடவும் பொத்தான் இருக்கிறது. மணவறைக்கு ஒரு ஸ்டில், வாசலுக்கு ஒன்று. ஒவ்வொரு ஷாட்டையும் அதனோடு வைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆஃப்செட் பொத்தானை அழுத்தினால் வலது உருண்டை படம் முழுவதையும் ஒரேயடியாக நகர்த்தும். ஒயிட் பேலன்ஸ் தப்பாக எடுத்த ஷாட்டுக்கு, தினமும் பத்து ஷாட்டாவது அப்படி வரும், அதுதான் முதல் மருந்து.

பன்னிரண்டு குமிழில் நான் உண்மையில் தொடுவது நாலு: கான்ட்ராஸ்ட், பிவட், சாச்சுரேஷன், கலர் பூஸ்ட். கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பட்டுப் புடவைக்கு முக்கியம். நிறத்தின் அடர்த்தியான சாச்சுரேஷனைக் கூட்டினால் ஏற்கெனவே அடர்த்தியாக இருக்கும் பட்டுதான் முதலில் கொதிக்கும். கலர் பூஸ்ட் வெளுத்த நிறங்களை முதலில் தூக்கும், வாழை மரமும் தோரணமும் உயிர் பெறும், புடவை அதிகம் அசையாது. மற்ற எட்டுக் குமிழ்களில் தூசி படிகிறது.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா 22 வருஷம் நெல்லை டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றவள். நான் வேலை செய்யும்போது பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பூ கட்டுவாள். பேனல் வந்த புதிதில், வேகம் வந்துவிட்ட சந்தோஷத்தில் ஒரு தென்காசிக் கல்யாணத்தை ஒன்றரை நாளில் முடித்துக் காட்டினேன். பூவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏட்டி, இது அரக்கா? தக்காளில்லா இருக்கு."

பெண்ணின் கூரைப் புடவை அரக்கு என்று எனக்குத் தெரியவே தெரியாது. திரையில் சிவப்பாக இருந்தது, அழகாகவும் இருந்தது. முகத்தை வைத்துத்தான் சரிசெய்திருந்தேன். நிறங்கள் எந்தப் பக்கம் விழுகின்றன என்று காட்டும் வரைபடமான வெக்டர்ஸ்கோப்பில் தோல் நிறத்துக்கென்று ஒரு கோடு காட்டும். உலகத்தில் எந்த மனிதரின் தோலும் ஏறக்குறைய அந்தக் கோட்டின் பக்கத்தில்தான் விழும். அதில் கொண்டு நிறுத்தினேன். ஆனால் முகூர்த்தத்தன்று நம் பெண்களின் முகம் வெறும் முகமா? நலங்கு வைத்து, மஞ்சள் பூசிக் குளித்து வந்தவள். முகமே மஞ்சள் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதை இழுத்துக் கோட்டில் நிறுத்தினால் படம் முழுவதும் சிவப்புப் பக்கம் நகர்கிறது. அரக்கு தக்காளியாகிறது, மஞ்சள் கயிறு ஆரஞ்சாகிறது. மாப்பிள்ளை வெயிலில் நின்றவர் மாதிரி ஆகிறார்.

மௌஸில் செய்த காலத்தில் இந்தத் தப்பை நான் செய்திருந்தாலும் பத்தாவது ஷாட்டில் சலிப்பு வந்து நிறுத்தி யோசித்திருப்பேன். பேனலில் தப்பும் வேகமாகப் போகிறது. அன்றைக்கு 300 ஷாட்டைத் திரும்பச் செய்தேன். இப்போது முகூர்த்த ஷாட்களில் கோட்டைப் பார்ப்பது மாப்பிள்ளையின் கழுத்துக்கும் ஐயரின் கைக்கும்தான். பெண்ணின் முகம் கோட்டிலிருந்து மஞ்சள் பக்கம் கொஞ்சம் விலகி நின்றால் விட்டுவிடுவேன், அதுதான் உண்மை.

மயில் கழுத்து நிறம் இன்னொரு கதை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பெண் திரும்பும்போது பச்சையாகும், குனியும்போது நீலமாகும். இரண்டு கேமராவும் இரண்டு கோணத்தில் நின்றிருக்கும். அதை இரண்டிலும் ஒரே நிறமாக்கப் பார்த்து ஒரு ராத்திரியை வீணாக்கினேன். காலையில் அம்மா, "அது அப்படித்தாம்ட்டி மின்னும், அதுக்குத்தான துட்டு" என்றாள்.

அன்றிலிருந்து ஸ்டுடியோக்காரர்களிடம் ஒன்று கேட்டு வாங்குகிறேன்: கூரைப் புடவையின் ஜாக்கெட் துணியில் ஒரு வெட்டு. தையல்காரர் தூக்கிப் போடுகிற துண்டு போதும். ஹார்ட் டிஸ்க்கோடு கவரில் வைத்து ஒட்டி அனுப்புவார்கள். மானிட்டருக்குப் பக்கத்தில் பகல் வெளிச்ச நிறத்தில் 6500 கெல்வின் விளக்கு ஒன்று வைத்திருக்கிறேன், அதன் கீழே துணியைப் பிடித்துப் பார்த்தால் போதும். வீட்டு மஞ்சள் பல்பின் கீழே பிடித்தால் துணியும் பொய் சொல்லும். இரண்டு பேர் என்னைப் பைத்தியம் என்று நினைத்து வேறு ஆளிடம் போய்விட்டார்கள். மற்றவர்கள் பெண்ணின் அம்மாவிடமிருந்து ஃபோன் வருவது நின்றுவிட்டது என்கிறார்கள்.

பேனலால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். இதில் திரை கிடையாது. கர்வ், குவாலிஃபையர், விண்டோ, கலர் வார்ப்பர் என்று ஒரு நிறத்தையோ ஒரு பகுதியையோ மட்டும் பிடித்து மாற்றும் வேலை எதற்கும் தனிக் கருவி கிடையாது. புடவையை மட்டும் தனியே பிடித்து நிறம் மாற்ற வேண்டும் என்றால் மௌஸுக்குத் திரும்ப வேண்டியதுதான். நான் மௌஸை இடது பக்கம் மாற்றிவிட்டேன், மணிக்கட்டுக்கும் நல்லது. விளம்பரப் படம், குறும்படம் என்று ஒரு ஷாட்டில் ஒரு மணி நேரம் உட்கார்கிற ஆட்களுக்கு இதனால் பெரிய வேக வித்தியாசம் தெரியாது. நிறைய ஷாட், ஒவ்வொன்றிலும் கொஞ்ச வேலை, இந்த மாதிரிக் கூலி வேலைக்குத்தான் இது பொருத்தம். கல்யாணம், நடன அரங்கேற்றம், சீரியல்.

ரிசப்ஷன் மேடையின் ஊதா எல்இடி விளக்கையும் இது சரிசெய்யாது. நீலச் சானல் நிரம்பி வழிந்து, முகத்தில் தகவலே இல்லாமல் வந்த ஷாட்டை எந்த உருண்டையாலும் மீட்க முடியாது. டிரான்ஸ்ஃபார்ம் நோடில் சாச்சுரேஷன் கம்ப்ரெஷனைப் போட்டு ஓரளவு அடக்குவேன். மிச்சத்தை மேடை அலங்காரக்காரரின் கணக்கில் எழுதிவிடுவேன்.

இன்னொன்று, இது ரிசால்வுக்காகவே செய்த பேனல். பிரீமியர் என்ற வேறு எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்கிறவர்களுக்கு இது மேஜை அலங்காரம். டேன்ஜன்ட் ரிப்பிள் என்று மூன்று உருண்டைகளோடு ஒரு சின்ன பேனல் உண்டு, அது பல மென்பொருள்களோடு பேசும். ஒரு நண்பர் வீட்டில் இரண்டு நாள் உருட்டிப் பார்த்தேன். சிறியது, எளியது, ஆனால் ஷாட் விட்டு ஷாட் போகும் பொத்தான்கள் இந்த அளவுக்கு இல்லை, எனக்கு அதுதான் வேண்டும். பிளாக்மேஜிக்கின் 2017 மைக்ரோ பேனல் வந்தபோது 995 டாலர், திரை வைத்த மினி பேனல் 2,995 டாலர். அந்த விலைக்கு எத்தனை கல்யாணம் செய்ய வேண்டும் என்று கணக்குப் போட்டேன், அதோடு விட்டுவிட்டேன். மென்பொருளைப் பொறுத்தவரை, நான் ஸ்டூடியோ பதிப்பு வைத்திருக்கிறேன், 295 டாலர், ஒரு தடவை கட்டினால் போதும். அதை வாங்கியது விடியற்காலை மண்டபத்து ஷாட்களின் புள்ளிப் புள்ளி நாய்ஸைக் குறைக்கத்தான். இலவசப் பதிப்பில் அது கிடையாது. நாய்ஸ் நோடை எப்போதும் முதலில் வைத்து, அதை மட்டும் கேஷ் செய்துவிட்டால், அதாவது முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்துவிட்டால், பிறகு உருண்டையை உருட்டும்போது திக்காது.

திக்குவதைப் பற்றிப் பேசினால் என் கம்ப்யூட்டர் கதை வரும். நான் பெட்டி வாங்கும்போது கடைக்காரர், "எஃப் எழுத்து வச்ச பிராசசர் எடுத்துக்கோங்க மேடம், விலை குறைவு, நீங்கதான் தனி கிராஃபிக்ஸ் கார்டு போடுறீங்களே" என்றார். கேட்க நியாயமாக இருந்தது. எஃப் என்றால் பிராசசருக்குள் இருக்கும் இன்டெல் கிராஃபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். சோனி கேமராக்கள் 4:2:2 10-பிட் ஹெச்.265 என்கிற, பிரித்துக் காட்டக் கனமான வடிவத்தில் எழுதுகின்றன. அதை 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த இன்டெல் உள் கிராஃபிக்ஸ் அநாயாசமாகப் பிரித்துவிடும். என்னிடம் இருக்கும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கிராஃபிக்ஸ் கார்டால் அது முடியாது, என்விடியா அதை 50 வரிசையில்தான் கொடுத்தது. இரண்டாயிரம் மூவாயிரம் மிச்சம் பிடிக்கப் போய், அடுத்த ஷாட் பொத்தானை அழுத்திவிட்டுப் படம் வரக் காத்திருக்கிற நிலை. இப்போது ஹார்ட் டிஸ்க் வந்த அன்று ராத்திரியே எல்லாவற்றுக்கும் பிராக்ஸி, அதாவது எடை குறைந்த நகல், போட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன். பேனல் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் தங்கள் ஷாட் தங்கள் பெட்டியில் திக்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் அந்தப் பணத்தை அங்கே போடுங்கள்.

லட் என்கிற ரெடிமேட் கலர் பொதிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். 1,999 ரூபாய்க்கு "சினிமாட்டிக் வெட்டிங்" என்று ஒன்று நானும் வாங்கினேன். மஞ்சள் பூசிய பெண்ணின் முகம் அதில் வேப்பிலை நிறத்துக்குப் போனது. வேறொரு கேமராவின் லாக் நிற முறைக்குச் செய்ததை எல்லாவற்றுக்கும் ஆகும் என்று விற்றிருக்கிறார்கள். அழித்துவிட்டேன்.

மாதம் ஆறு கல்யாணமாவது உங்கள் கைக்கு வருகிறது, ரிசால்வில்தான் வேலை, குரூப்பும் ரிமோட்டும் ஏற்கெனவே பழக்கம் என்றால் வாங்கலாம். நான் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். மாதம் இரண்டு என்றால் கீபோர்டே போதும். மணிக்கட்டு வலிக்கிறது என்றால் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், எனக்கு மார்கழியிலேயே வீக்கம் வடிந்துவிட்டது.

நேற்று நாகர்கோவிலிலிருந்து ஒரு டிஸ்க் வந்திருக்கிறது. முகூர்த்தம், ரிசப்ஷன், 1,340 ஷாட். ராத்திரி பிராக்ஸி போட்டாயிற்று, குரூப் பிரித்தாயிற்று. காலையில் அம்மா கவரைத் திறந்து கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "துணி எங்கட்டி?" என்றாள். ஸ்டுடியோ தம்பிக்கு ஃபோன் போட்டேன். மறந்துவிட்டாராம், சாயங்கால பஸ்ஸில் போட்டு விடுகிறேன் என்றிருக்கிறார். அதுவரை டிரோன் ஷாட்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.